பத்துப் பாக ஆழத்தில் ஒரு மூஷிகம்

என் மச்சான் அருளம்பலத்தின் பெயர் ஓர் ஆங்கில அறிக்கையில் இருக்கிறது. திருகோணமலைக்கு வடக்கே கடலுக்குள் காற்றாடிக் கோபுரங்களை நட்டு மின்சாரம் எடுக்கலாமா என்று பார்க்க வந்த ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் அறிக்கை அது. அதில் அவனுக்கு ‘உள்ளூர்த் தகவலாளர்’ என்று பட்டம். தகவலாளர் முதலில் சொன்னது பச்சைப் பொய். பிறகு ஓர் உண்மை சொன்னார். அதன் பிறகு அந்த உண்மையைப் பொய் என்று சொன்னார். மூன்றும் எனக்குத் தெரிந்தே நடந்தன.

காற்றாடி கடைசிவரை வரவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், யாரும் காத்திருக்க வேண்டாம். முதலில் சுனாமி வந்தது, பிறகு சண்டை திரும்பி வந்தது, காற்றாடி மட்டும் வரவில்லை. நான் சொல்லப்போவது அவற்றுக்கெல்லாம் முந்திய கதை. இரண்டு பக்கமும் சுடுவதை நிறுத்தி, சமாதானம் என்று பெயர் வைத்திருந்த காலம் அது.

அருளம்பலம் என் தங்கச்சி அன்னலட்சுமியைக் கட்டியவன். உப்புவெளியைத் தாண்டி ஆலடிக்குடா என்று ஒரு சின்னக் கரை. அங்கே அவனுக்கு ஒரு படகு. கடல் தொழிலில் சூரன் என்று நான் சொல்லமாட்டேன். அவனுடைய அப்பா மேகத்தைப் பார்த்துக் காற்றைச் சொன்னவர். இவன் வானொலியைக் கேட்டுச் சொல்லுவான், அதுவும் பிழையாய்ப் போகும். கலியாணம் பேசி வந்தபோது எங்கள் அப்பா, "பெடியன் நல்லவன், மீனுக்குக்கூட ஒரு தீங்கு செய்யமாட்டான்" என்று சொல்லித்தான் சம்மதித்தார். அந்த வாக்கு தொண்ணூறாம் ஆண்டுவரை பலித்தது.

தொண்ணூறில் சண்டை மூண்டு, ஆலடிக்குடா முழுவதும் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் அகதியாகக் கிடந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தால் சித்திவிநாயகர் கோவில்மேல் ஷெல் விழுந்திருந்தது. எந்தப் பக்கத்து ஷெல் என்று இன்றுவரை ஒருவரும் உரிமை கோரவில்லை. பிள்ளையாருக்குத் தும்பிக்கையும் ஒரு கையும் இல்லை. அவருடைய வாகனமான கல் மூஷிகத்துக்கு ஒரு காது போயிருந்தது. ஆட்டுக்குட்டி அளவு எலி அது. முன்மண்டபத்துத் தூண்கள் முறிந்து கிடந்தன. போதாக்குறைக்கு அந்தக் காணியில் ஆமி காம்ப் வரப்போகிறது, உள்ளே இருப்பதை இந்தக் கிழமைக்குள் அகற்றுங்கள் என்று சொல்லியும் அனுப்பினார்கள்.

பின்னமான விக்கிரகத்தைக் கும்பிடக் கூடாது. கண்ட இடத்தில் போடவும் கூடாது. ஐயர் வந்து மந்திரம் சொல்லி, சாமியின் சக்தியைக் கும்பத்தில் இறக்கி, கும்பத்தை டவுன் கோவில் ஒன்றுக்குக் கொண்டுபோய்விட்டார். மிச்சக் கல்லை ஆழக்கடலில், ஆளின் கால் படாத இடத்தில் விடவேண்டும். இது சாஸ்திரம். சாஸ்திரம் எழுதியவர்களுக்குக் கடற்பாஸ் பற்றித் தெரியாது. அந்தக் கிழமை ஆலடிக்குடாவில் கடலுக்குப் போகப் பாஸ் வைத்திருந்தவன் என் மச்சான் ஒருவன்தான். மீனுக்கே ஆபத்தில்லாதவன் நாட்டுக்கு என்ன ஆபத்து என்று நினைத்தார்கள் போலும். அதுவும் கரையிலிருந்து ஒரு மைல் மட்டும், படகில் ஓர் ஆள் மட்டும்.

கோவில் தலைவர் கனகரத்தினம், இளைப்பாறிய தபாலதிபர், கல்லை ஏற்றி முடித்ததும் கைகூப்பினார். "தம்பி, ஆழக்கடலில விடு. உன்னை நம்பித் தாறம்."

"ஓம் ஐயா" என்றான் மச்சான்.

ஆழக்கடல் பாஸுக்கு அப்பால் இருந்தது. பாஸ் முடிகிற இடத்தில் ஆழம் பத்துப் பாகம், அதாவது அறுபது அடி; கீழே வெறும் மணல். காவல் படகு ஒன்று தன் பக்கம் திரும்புவதைக் கண்டு, முதல் நடைக் கல்லை அங்கேயே அலவாங்கால் நெம்பித் தள்ளிவிட்டான். அது பயம். மிச்ச நடைகளையும் குறிபார்த்து அதே இடத்தில் குவித்தானே, அது பயம் அல்ல. வெறும் மணலில் எதையாவது போட்டால் மீன் குடிவரும் என்பது எங்கள் கரையில் எல்லோருக்கும் தெரியும். பூவரசங் கொப்பையும் பழைய டயரையும் கட்டித் தாழ்த்தி, அந்த இடத்தைப் பெண்சாதிக்கும் சொல்லாமல் ஒளித்து வைத்திருப்பது தொழில்காரர் வழக்கம். மச்சானுக்குக் கிடைத்தது டயர் அல்ல, ஒரு முழுக் கோவில்.

அடுத்த வருடம் அவன் படகில் நல்ல விலைபோகும் கலவாய் மீன் வரத் தொடங்கியது. பிறகு விளைமீன், பாரை. ஊர் முழுவதும் சூடைக்கருவாட்டோடு மல்லுக்கட்டுகிற நாளிலும் அவன் கலவாயோடு கரைக்கு வருவான். எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் "கடவுள்தான் தாறார்" என்றான். நாலு பேர் கேட்டு, நாலு பேருக்கும் அதே பதிலைச் சொன்னதில் அவனுக்குப் பக்திமான் என்று பெயர் வந்துவிட்டது. அந்தக் கலவாயில்தான் என் தங்கச்சி வீட்டுக் கிடுகுக் கூரை ஓட்டுக் கூரை ஆனது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அவன் வைத்திருந்த குறிகூட, கோவில் காணியில் காம்ப்காரர் கட்டிய தண்ணீர்த் தாங்கிதான். அதைக் கன்னியாப் பக்கத்து மலையோடு நேர்பிடிப்பான். கோவிலை இடித்த சண்டை கோவிலுக்கு வழிகாட்டியும் வைத்திருந்தது.

சமாதானம் வந்து இரண்டாம் வருடம் காற்றாடிக் கம்பனி வந்தது. வாசிகசாலையில் கூட்டம். வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் கடல் வரைபடத்தைச் சுவரில் தொங்கவிட்டார். அவரோடு வந்தது கொழும்பில் படித்த ஒரு பெண்பிள்ளை, பெயர் ஸுல்பிகா, சொந்த ஊர் கிண்ணியா. கடலடித் தொல்லியல் என்று ஒரு படிப்பு இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். கோபுரம் நட அடித்தளம் இறக்க வேண்டும், கோபுரத்தின் காலைச் சுற்றி நீரோட்டம் மணலை அரிக்கும், கரைவரைக்கும் வயர் புதைக்க வேண்டும். ஆகவே கடலடியில் பழைய கப்பலோ கட்டடமோ கிடந்தால் நட முதலே பார்த்து விலக வேண்டும் என்று அந்தப் பிள்ளை நல்ல தமிழில் விளக்கியது. அது மட்டுமல்ல, கடலின் பழைமையான தோற்றம் கெடுமா என்றும் பார்க்க வேண்டுமாம். கூட்டம் முடிந்ததும் கரைக்கு வந்து, ஆளுக்கு ஆள் கேட்டது.

"அண்ணன், இந்தக் கடலைப் பாக்கக்குள்ள உங்களுக்கு என்ன தோணுது? அதுல காத்தாடி வரிசையா நிண்டா காட்சி கெட்டுப் போகுமா?"

மச்சான் கடலைப் பார்த்தான். முள்ளுக்கம்பிச் சுருள், இரண்டு சென்றிக் காவலரண், தூரத்தில் பீரங்கிப் படகு, அதற்கும் அப்பால் கொஞ்சம் கடல்.

"பிள்ளை, சென்றி போடேக்க ஒருத்தரும் எங்களிட்டக் காட்சி கெடுமோ எண்டு கேக்கேல்ல. நீங்கள்தான் முதல் கேக்கிறியள். அதுக்காகவே கெடும் எண்டு எழுதுங்கோ."

அந்தப் பிள்ளை வாய்விட்டுச் சிரித்தது. எழுதவும் செய்தது.

சிரிப்பு அதோடு சரி. பின்னேரம் என்னுடைய சைக்கிள் கடைக்கு மச்சான் முகம் வெளிறி வந்தான்.

"மச்சான், அந்த மாப்பைப் பாத்தனியோ? நடுக் காத்தாடி சரியா என்ர பிள்ளையாரின்ர தலையில நிக்குது."

"உன்ர பிள்ளையாரோ?"

அன்றுதான் எனக்கு முழுக் கதையையும் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னால் பயமும் வந்தது.

"அடப்பாவி, சாமியை வைச்சோடா இவ்வளவு காலமும் மீன் பிடிச்சனி?"

"சாமி கும்பத்தில ஏறிப் போயிட்டார். நான் போட்டது கல்லு" என்றான். அந்த நியாயத்தை அவன் பல வருடமாகத் தனக்குள் சொல்லிப் பழகியிருந்தான் என்பது சொன்ன வேகத்திலேயே தெரிந்தது. "அந்த இடம் போனால் நான் என்ன செய்யிறது? எனக்குத் தொழில் தெரியாது மச்சான். அது உனக்கும் தெரியும்." அவன் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்குக் கவலையாகத்தான் இருந்தது.

மறுநாள் அவன் ஸுல்பிகாவிடம் போய், "அந்த இடத்தில பழைய கோவில் ஒண்டு கடலுக்கடியில தாண்டு கிடக்காம். எங்கட அப்பப்பா சொல்லுறவர்" என்றான். அவனுடைய அப்பப்பா வாழ்நாளில் சொன்ன ஒரே கதை, தனக்கு வரவேண்டிய காணியைத் தமையன் சுருட்டிய கதைதான். ஆனால் பொய்க்குக் கால் இல்லை என்பவர்கள் ஆலடிக்குடாவைப் பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் ஊரில் எல்லோருடைய அப்பப்பாவும் அதைச் சொல்லியிருந்தார். ஒருவருடையவர் கடலுக்குள் மணிச்சத்தமே கேட்டிருந்தார்.

கம்பனிப் படகு ஒலிக்கருவியை இழுத்துப் பார்த்தது. மணலில் ஒரு குவியல் தெரிந்தது. சுழியோடிகள் இறங்கிப் படம் எடுத்தார்கள். தூண்கள், படிக்கல், நடுவில் பாசியும் சிப்பியும் மூடிய ஒரு விலங்கு. பிள்ளையார் மணலுக்குள் புதைந்துபோனார் போலும், படத்தில் அவர் இல்லை. ஸுல்பிகா, "இப்ப ஒண்டும் சொல்லேலாது, இன்னும் பாக்கோணும்" என்றுதான் சொன்னது. பத்திரிகைகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒரு பத்திரிகை அந்த விலங்கை நந்தி என்றது, சோழர் காலம் என்றது. இன்னொரு பத்திரிகை சிங்கம் என்றது, அதற்கும் முந்திய காலம் என்றது. இரண்டு பக்கத்துப் பேராசிரியர்களும் மாறி மாறி எழுதினார்கள். நாடு முழுவதும் நந்தியா சிங்கமா என்று அடிபட்டபோது, அது எலி என்று தெரிந்தவன் என் கடையில் குந்தியிருந்து வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான்.

காற்றாடி வரிசையை வெளிக்கடலுக்குத் தள்ளிவிட்டார்கள். மச்சான் வென்றுவிட்டான். வென்ற மறுகிழமை அந்த இடத்தைச் சுற்றி மஞ்சள் மிதவை போட்டு, ஆராய்ச்சி முடியும்வரை நங்கூரம் போடத் தடை, வலை தடை, தூண்டில் தடை என்று அறிவித்தார்கள். கும்பிடப் போகிறவர்களுக்கு மட்டும் வெள்ளிக்கிழமைகளில் ஒரு படகுக்கு அனுமதி. கண்டுபிடித்தவன் என்ற மரியாதையில் அந்தப் படகு அருளம்பலத்தின் படகு. சனம் பொரியும் பழமும் தூவும்; அவனுடைய கலவாய்கள் மேலே வந்து தின்றுவிட்டுப் போகும். அவன் துடுப்பைப் பிடித்துக்கொண்டு பார்த்திருப்பான். காம்ப் பொறுப்பாளர் தன் பங்குக்குச் சிங்கத்துக்கென்று தாமரைப்பூக் கொடுத்தனுப்பினார். வாங்கிக்கொண்டது மூஷிகம்.

இப்படி ஆறேழு மாதம் போனது. வீட்டில் கறிக்கு மீன் விலைக்கு வாங்கினார்கள். பிறகு ஒருநாள் ஸுல்பிகா தனியாக வந்தது. அப்போது நானும் அங்கே இருந்தேன்.

"அருளம்பலம் அண்ணன், அந்தத் தூணுக்குள்ள இரும்புக்கம்பி இரிக்கு. சோழர் காலத்துல சீமெந்து இரிந்ததா நான் படிக்கல்ல."

மச்சான் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் மறைக்க வராது. ஷெல் விழுந்தது, பாஸ், அலவாங்கு, கலவாய், எல்லாவற்றையும் சொன்னான்.

"நூறு வருசத்துக்கு மேல பழசு எண்டாத்தான் சட்டம் காக்கும். இது தண்ணிக்குள்ள போய்ப் பதிமூணு வருசம்தான்" என்றது ஸுல்பிகா.

"அப்ப ஒரு எண்பத்தேழு வருசம் கழிச்சு வாங்கோவன், பிள்ளை."

அது சிரித்தது, பிறகு சிரிப்பை விட்டுவிட்டது. "பழசு இல்லாட்டியும் அதுவும் சரித்திரம்தான். ஷெல் பட்ட காயம் கல்லுல அப்பிடியே இரிக்கு. ரெண்டையும் எழுதத்தான் வேணும். ஆனா உங்கட சனம் அத என்ர அறிக்கையால அறியக் கூடாது. நீங்களே சொல்லுங்க."

அது போனதும் மச்சான் கணக்குப் போட்டான். காற்றாடி வரிசை தள்ளிப் போய்விட்டது, இனித் திரும்பாது. பழசு இல்லை என்றால் மிதவையையும் கழற்றிவிடுவார்கள். "வெக்கம் ஒரு கிழமைக்கு, மீன் ஆயுளுக்கும். சொல்லத்தான் போறன்" என்றான். அவன் வாழ்க்கையில் முதன்முதலாக உண்மையிலும் லாபம் இருந்தது.

வாசிகசாலையில் ஊரைக் கூட்டி, எழுந்து நின்று சொன்னான். "அது பழங்கோவில் இல்லை. எங்கட சித்திவிநாயகர் கோவில்தான். ஆழக்கடலில விடாமல் நான்தான் கிட்டப் போட்டனான். மீனுக்காகத்தான் போட்டனான்."

பின்வரிசையிலிருந்து ஒருவர் எழும்பினார்.

"உன்ர அப்பப்பா சொன்னதெண்டு நீதானே சொன்னனி?"

"அது பொய்."

"அப்ப இது என்ன?"

"மிதவையைக் கழட்டுவிக்கப் பாக்கிறான். மீன் ஆசையில சாமியையே சீமெந்து எண்டுறான்!"

ஒருவர் கனகரத்தினத்தின் பக்கம் திரும்பினார். "தலைவர், நீங்கள் சொல்லுங்கோ. எங்கட சாமியை ஆழக்கடலிலதானே விட்டனாங்கள்?"

கிழவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "ஓம், ஆழக்கடலிலதான்" என்றார். அதோடு முடிந்தது. என் தங்கச்சி கூட்டம் முடியமுன்பே எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள். அவளும் நம்பவில்லை. அதுதான் அவனை உண்மையில் சுட்டது.

அடுத்த நாள் பின்னேரம் கனகரத்தினம் பொல்லை ஊன்றிக்கொண்டு மச்சான் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருத்தினோம். அன்னலட்சுமி குசினிக் கதவடியில் நின்றாள்.

"தம்பி, முதல் படம் பேப்பரில வந்த அண்டைக்கே எனக்குத் தெரியும். அது நந்தியும் இல்லை, சிங்கமும் இல்லை. எங்கட அம்மாவின்ர நினைவுக்கு நான் செய்விச்சுக் குடுத்த மூஷிகம்."

மச்சானுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "பிறகேன் ஐயா அப்பிடிச் சொன்னனீங்கள்? ஊருக்கு முன்னால என்னைப் பொய்காரன் ஆக்கிப்போட்டியள்!"

"கோவில் காணிக்குள்ள போக ஏலாது. கம்பிக்கு வெளியால நிண்டு கும்பிடவும் ஏலாது. இத்தனை வருசமா இந்தச் சனத்துக்குக் கைகூப்ப ஒரு இடம் இல்லை. இப்ப ஒண்டு இருக்கு. அது எங்கட கோவில் எண்டு தெரிஞ்சால், பின்னமான சாமியைக் கும்பிடக் கூடாதெண்டு சனம் நாளைக்கே விட்டிடும். ஆயிரம் வருசப் பழசெண்டால் பின்னம் குற்றமில்லை." கிழவர் மூச்சு வாங்கினார். "ஒருதரும் உன்னை நம்பேல்லத்தான். ஆனா நீ சொன்னது சிலபேருக்கு உள்ளுக்குள்ள கிடந்து அரிக்கும். நீயே பொய்யெண்டு சொன்னாத்தான் அது போகும்."

கிழவர் எழுந்து போனார். குசினிக் கதவடியில் என் தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். கோவில் மீனைச் சமைத்ததற்காக அழுதாளா, புருஷனை நம்பாததற்காக அழுதாளா என்று நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை கரையில், படகு புறப்பட முதல், எல்லோருக்கும் முன்னால் அருளம்பலம் சொன்னான்: "மீன் ஆசையில பொய் சொல்லிப்போட்டன். அது பழங்கோவில்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ." இந்த முறை ஊர் உடனே நம்பியது. குற்றத்துக்கு ஒரு பொங்கல் வைக்கச் சொல்லி மன்னித்தும் விட்டது.

ஸுல்பிகா எழுதியது நேர்மையான அறிக்கை. ஆங்கிலத்தில் இருந்ததால் ஊரின் நம்பிக்கைக்கு அதனால் ஒரு சேதமும் வரவில்லை. மிதவையைக் கழற்றிக்கொண்டு போனார்கள், தடையும் போனது. சனம் அங்கே தூண்டில் போடாது, சாமிக்குப் பயம். போடுவதென்றால் மச்சான் ஒருவன்தான் போடலாம், கேட்க ஆள் இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் படகில் போனேன். கமலேஸ்வரி என்ற மனிசியும் வந்திருந்தாள். தொண்ணூறில் அவளுடைய மகன் டவுனுக்கென்று போனவன், திரும்பி வரவில்லை. இடம் வந்ததும் அவள் படகின் விளிம்பில் கவிழ்ந்து, தண்ணீருக்குள் முகத்தை வைத்தாற்போலக் குனிந்து, மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். மற்றப் பெண்களும் அழுதார்கள். கீழே பெரிய கலவாய் ஒன்று பொரியைத் தேடி மேலே வந்தது. கையை நீட்டினால் பிடிக்கலாம்.

நான் மெல்ல, "நாளைக்குத் தனிய வந்து ஒரு தூண்டில் போட்டால் ஆருக்குத் தெரியப்போகுது?" என்று கேட்டேன்.

அவன் மீனைப் பார்த்தான், கமலேஸ்வரியைப் பார்த்தான்.

"ஏலாது மச்சான். அண்டைக்கு இந்தக் கல்லுகளைத் தள்ளி விடேக்க நான் மட்டும்தான். பாஸ் எனக்கு மட்டும்தானே. ஒருதரும் வந்து அழேல்ல, நானும் அழேல்ல. செத்தவீட்டுக்குப் பிந்தி வந்தாலும் வந்த சனம். அழட்டும்."

படகு நீரோட்டத்தில் கொஞ்சம் விலகியிருந்தது. அவன் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்து நேர்பிடித்து, அவள் அழுது முடியும்வரை படகை அந்த இடத்திலேயே வைத்திருந்தான்.